யாரைக் கேட்டுத் தோண்டறீங்க?

(காலடிப்பேட்டையில் நடந்த வாசகர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அழைப்பிதழில் தலைப்பைப் பார்த்துச் சிரித்தவர்கள் சிலர் இங்கே இருக்கிறீர்கள். அந்தத் தலைப்பு என்னுடையது இல்லை. நெடுஞ்சாலையை ஒட்டி ஒரு சந்து முனையில் இட்லிக் கடை போடும் அம்மாவுடையது. ஒருநாள் காலை அவருடைய அடுப்புக்கு ஓரமாக ஒரு பையன் பள்ளம் தோண்டிக்கொண்டிருந்தான். எந்தத் துறையின் பள்ளம் என்று அந்த அம்மாவுக்கும் தெரியாது, இட்லி வாங்கப் போன எனக்கும் தெரியாது. அம்மா கேட்டார்: “யாரைக் கேட்டுத் தோண்டறீங்க?” கூலிக்கு வந்த பையன், அவனுக்கு என்ன தெரியும்? “மேல கேளுங்கம்மா” என்றான். அந்த அம்மா நிஜமாகவே தலையைத் தூக்கி மேலே பார்த்தார். மேலே மெட்ரோ பாலம் இருந்தது.

எல்லோரும் சிரித்தோம். வீட்டுக்கு வந்து யோசித்தேன். கேள்வி சரியான கேள்வி. பதில்தான் முந்நூறு வருஷமாக மாறவே இல்லை. இன்று நான் பேசப்போவது அந்த ஒரு கேள்வியைப் பற்றித்தான். ஓர் உள்ளாட்சி அமைப்பு, தனக்கு வைத்த செலவு வரம்பைத் தாண்ட வேண்டுமென்றால் யாரைக் கேட்க வேண்டும்? மேலே இருப்பவரையா, தெருவில் இருப்பவரையா? உலகத்தில் சில ஊர்களில் தெருவில் இருப்பவரைக் கேட்க வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. செலவு கூடுகிறதா, வரி கூடுகிறதா, கடன் வாங்கப்போகிறாயா, வாக்காளரிடம் போ, ஓட்டு வாங்கிவிட்டு வா என்கிறது அந்தச் சட்டம். அது நமக்கு ஆகுமா, ஆகாதா என்று பார்ப்போம்.

முதலில் நம் ஊர்க் கதை. ‘காலடி’ என்றதும் ஏதோ ஒரு மகானின் பாதம் பட்ட இடம் என்று நினைப்பவர்கள் உண்டு. பட்டது ஒரு கவர்னரின் பெயர். 1717 முதல் 1720 வரை சென்னைப்பட்டணத்தின் கவர்னராக இருந்த ஜோசப் காலெட், நெசவாளர்களைக் கொண்டுவந்து குடியேற்றிய ஊர் இது. காலெட்பேட்டை நம் வாயில் காலடிப்பேட்டை ஆனது. கல்யாண வரதராஜப் பெருமாள் கோயிலுக்கும் அந்தக் கவர்னருக்கும் உள்ள தொடர்பை இங்கே பாட்டிமார் கதையாகச் சொல்வார்கள். நெசவாளரைக் குடிவைத்தது புண்ணியத்துக்காக மட்டுமில்லை. கிழக்கிந்தியக் கம்பெனிக்குத் துணி வேண்டும், துணிக்குக் கை வேண்டும். ஆக, ஊர் பிறந்ததே கோட்டையில் எடுத்த ஒரு முடிவால்தான்.

இதே வடசென்னையில் இன்னும் இரண்டு பெயர்களைப் பாருங்கள். அடுத்த மெட்ரோ நிலையத்துக்கு டோல்கேட் என்று பெயர். சுங்கம் வாங்கிய இடம். சென்ட்ரல் பக்கம் போனால் வால்டாக்ஸ் ரோடு. சுவர் வரி. கோட்டைக்கு வெளியே நம்மவர்கள் வாழ்ந்த கறுப்பர் நகரத்தைச் சுற்றி எதிரிகளுக்குப் பயந்து கம்பெனி ஒரு மதில் எழுப்பியது. 1770களின் தொடக்கத்தில் அந்த மதில் எழுந்து நின்றது. செலவு எகிறிவிட்டது. அந்தச் செலவை மதிலுக்கு உள்ளே இருப்பவர்களிடம் வரியாக வாங்கிவிடலாம் என்று நினைத்தார்கள். அதற்குச் சட்டம் இடம் கொடுக்கவில்லை, வரி வசூலாகவே இல்லை. மதிலின் ஒரு துண்டு இன்று மாடிப் பூங்காவாக நிற்கிறது. கேட்காமல் கட்டிவிட்டு அப்புறம் பில்லை நீட்டினால் என்ன ஆகும் என்பதற்கு, ஒரு சாலையே பெயர்ப்பலகை தாங்கி நிற்கிறது. நாம் அதில் தினமும் பஸ்ஸில் போகிறோம்.

இதற்கும் முன்னால் போகலாம். 1686. கோட்டைக்கு வெளியே இருந்த கறுப்பர் நகர மக்கள் மீது கவர்னர் வில்லியம் கிஃபோர்டின் நிர்வாகம் வீட்டு வரி போட்டது. மக்கள் கடையை அடைத்தார்கள், வேலைக்குப் போக மறுத்தார்கள். சென்னையின் முதல் பந்த் எது என்று யாராவது போட்டி வைத்தால் இதைச் சொல்லுங்கள். இந்தச் செய்தி லண்டனுக்குப் போனது. அங்கே கம்பெனியின் தலைமையில் இருந்த சர் ஜோசையா சைல்டு வியாபாரி. வியாபாரிக்கு மனுஷ மனசு தெரியும். ஜனங்கள் தங்களுக்குள்ளேயே பேசி தாங்களே போட்டுக்கொள்ளும் வரி ஐந்து ஷில்லிங் ஆனாலும் மனமுவந்து கொடுப்பார்கள், நாம் அதிகாரத்தால் போட்டால் ஆறு பென்ஸ்கூடக் கொடுக்க மாட்டார்கள் என்ற பொருளில் அவர் எழுதினார். ஐந்து ஷில்லிங் என்பது ஆறு பென்ஸைப் போல் பத்து மடங்கு. அந்தக் கணக்கில்தான் 1687 டிசம்பரில் சாசனம் எழுதப்பட்டு, 1688 செப்டம்பர் 29 அன்று சென்னை மாநகராட்சி பிறந்தது. காமன்வெல்த் நாடுகளில் பிரிட்டனுக்கு வெளியே பழமையான மாநகராட்சி என்று பெருமைப்படுகிறோம். அது பிறந்த காரணத்தை நாம் சொல்வதில்லை. கேட்டால் கொடுப்பார்கள் என்பதுதான் காரணம்.

பிறகு என்ன நடந்தது? மேயரையும் ஆல்டர்மேன் எனப்பட்ட பன்னிரண்டு மன்ற உறுப்பினர்களையும் முதலில் கம்பெனியே பெயர் குறித்து உட்காரவைத்தது. அதில் நம்மவர்கள் மூன்று பேர் இருந்தார்கள். நகரமன்றம் கட்ட வேண்டும், பள்ளிக்கூடம் நடத்த வேண்டும் என்று வரி போடப் பார்த்தபோது மக்கள் பழையபடி கையை விரித்தார்கள். நம்மவர் மூன்று பேரை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டால் ஊரையே கேட்டதாக ஆகிவிடுமா? ஆகவில்லை.

இது 1688. இப்போது 2022க்கு வருவோம். சென்னைக்கு 2016 அக்டோபரிலிருந்து மாமன்றமே இல்லை. அதிகாரிகள் ஆட்சி. ஒருவழியாக 2022 பிப்ரவரி 19 அன்று தேர்தல் நடந்தது. சென்னையில் வாக்குப்பதிவு 44 சதவீதத்தைக்கூட எட்டவில்லை. அந்தத் தேர்தல் பிரசாரத்தில் தெருவிளக்கு வந்தது, குப்பை வந்தது, குடிநீர் வந்தது. சொத்து வரி வந்ததா? நினைவுபடுத்திப் பாருங்கள். வாக்குப்பதிவு நடந்து நாற்பத்தோராவது நாள், ஏப்ரல் 1 அன்று, சொத்து வரி உயர்வு அறிவிக்கப்பட்டது. மாநிலம் முழுக்கக் குடியிருப்புகளுக்கு, வீட்டின் பரப்பைப் பொறுத்து, 25 முதல் 150 சதவீதம் வரை.

அந்த உயர்வு தேவையா இல்லையா என்று நான் வாதாட வரவில்லை. நகருக்குள்ளே பழைய பகுதிகளில் 1998க்குப் பிறகு வரி திருத்தப்படவே இல்லை என்பது உண்மை. இருபத்து நாலு வருஷம் வரியைத் தொடாமல் இருந்துவிட்டு ஒரே நாளில் ஏற்றினால் யாருக்கும் வலிக்கும். காரணம் என்ன சொன்னார்கள்? 15ஆவது நிதிக்குழுவின் நிபந்தனை. சொத்து வரிக்குக் குறைந்தபட்ச அளவை அறிவிக்க வேண்டும், மாநிலத்தின் பொருளாதார வளர்ச்சிக்கு ஈடாக வசூல் ஆண்டுதோறும் கூட வேண்டும், அப்போதுதான் மானியம். டெல்லி சென்னைக்கு நிபந்தனை போட்டது, கோட்டையில் இருக்கும் மாநில அரசு மாநகராட்சியின் ரிப்பன் மாளிகைக்குச் சொன்னது, ரிப்பன் மாளிகை நமக்கு நோட்டீஸ் அனுப்பியது. இந்த வரிசையில் ‘யாரைக் கேட்டு?’ என்று எங்கே நிறுத்திக் கேட்டாலும் பதில் ஒன்றுதான்: “மேல கேளுங்கம்மா.”

இப்போது என் தொழிலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நான் வேறொரு மாவட்டத்தில் ஒரு நகராட்சியின் கணக்குப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். நம் உள்ளாட்சிகளுக்குச் செலவு வரம்பு இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வரம்புக்குக் குறைவே இல்லை. இவ்வளவு தொகை வரை ஆணையர், அதற்கு மேல் குழு, அதற்கு மேல் மன்றம், அதற்கும் மேல் அரசு. கடன் வாங்க அரசின் அனுமதி. பூட்டு இருக்கிறது, நல்ல பூட்டு. சாவி கோட்டையில் இருக்கிறது.

அந்தப் பூட்டு எப்படித் திறக்கும் என்று சொல்கிறேன். ஓடையைத் தாண்ட ஒரு கல்வெர்ட் கட்டுவதற்கு எஸ்டிமேட் போடுவார்கள். டெண்டர் விடுவார்கள். வேலை பாதியில் நிற்கும். மண் சரியில்லை, கேபிள் குறுக்கே வந்தது, கம்பி விலை ஏறிவிட்டது. இதில் பல காரணங்கள் நிஜமாகவே இருக்கும். பிறகு ஒரு கோப்பு கிளம்பும். அதன் பெயர் ரிவைஸ்டு எஸ்டிமேட், திருத்திய மதிப்பீடு. அஜெண்டாவில் அறுபதாவது பொருளாகவோ எழுபதாவது பொருளாகவோ வரும். ‘மன்றத்தின் பார்வைக்கும் அனுமதிக்கும்.’ மேஜையைத் தட்டுவார்கள். வரம்பு தாண்டியாயிற்று. என் சர்வீஸில் எத்தனையோ திருத்திய மதிப்பீடுகளுக்கு நான் குறிப்பு எழுதியிருக்கிறேன். அந்த வேலை நடக்கும் தெருவில் குடியிருக்கும் ஒருவரிடம்கூட ‘இது முதலில் சொன்னதைவிட இவ்வளவு கூடுகிறது, சம்மதமா?’ என்று யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. நானும் கேட்டதில்லை. கேட்க எனக்கு வேலையும் இல்லை, கேட்கச் சொல்லிச் சட்டமும் இல்லை.

கடைசியில் கல்வெர்ட் எழும்பும். திறப்பு விழாவுக்கு ஒரு கல்வெட்டு வைப்பார்கள். அந்தக் கல்வெட்டில் திறந்தவர் பெயர் இருக்கும், தலைமை தாங்கியவர் பெயர் இருக்கும், முன்னிலை வகித்த பத்துப் பேர் பெயர் இருக்கும். முதலில் எவ்வளவு என்றார்கள், கடைசியில் எவ்வளவு ஆனது என்பது இருக்காது.

நம் பழைய கல்வெட்டுகள் அப்படிப்பட்டவை இல்லையே! உத்திரமேரூரைப் பற்றி மேடைக்கு மேடை பேசுகிறோம். முதலாம் பராந்தகன் காலத்துக் குடவோலை முறையைச் சொல்லிப் பெருமைப்படுகிறோம். அதே கல்வெட்டில் இன்னொன்று இருக்கிறது, அதை மட்டும் விட்டுவிடுகிறோம். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவர் பெயரைக் குடத்தில் போடக்கூடாது. அவர் மட்டுமில்லை, அவருடைய நெருங்கிய உறவினர் பெயரையும் போடக்கூடாது. குடத்தைப் பிடித்துக்கொண்டோம், கணக்கை விட்டுவிட்டோம்.

சரி, வெளியூரில் என்ன செய்கிறார்கள்?

அமெரிக்காவில் கொலராடோ மாநிலத்தில் கொலராடோ ஸ்பிரிங்ஸ் என்று ஒரு நகரம். நாலு லட்சத்துக்கும் மேல் ஜனம். 1991இல் நகரத்துக்கும், 1992இல் மாநிலம் முழுமைக்கும் ஒரு விதி கொண்டுவந்தார்கள். டக்ளஸ் புரூஸ் என்பவர் எழுதியது. வரியை ஏற்ற வேண்டுமென்றாலும், வரம்புக்கு மேல் வசூலான பணத்தை வைத்துக்கொண்டு செலவழிக்க வேண்டுமென்றாலும் வாக்காளரைக் கேட்டே ஆக வேண்டும். 2008இல் பொருளாதாரம் சரிந்தது. 2009 நவம்பரில் நகர நிர்வாகம் சொத்து வரி உயர்வு கேட்டு ஓட்டுக்குப் போனது. ஜனங்கள் பெரும்பான்மையாக வேண்டாம் என்றார்கள். 2010இல் தெருவிளக்கில் மூன்றில் ஒரு பங்கை அணைத்தார்கள். பூங்காவுக்குத் தண்ணீர் விடுவதைக் குறைத்தார்கள். உன் தெரு விளக்கு எரிய வேண்டுமா, நீயே பணம் கட்டு என்றார்கள். பணம் இருந்த தெருவில் வெளிச்சம், இல்லாத தெருவில் இருட்டு.

இதைச் சொல்லி, பார்த்தீர்களா, ஜனங்களைக் கேட்டால் இப்படித்தான் ஆகும் என்று முடித்துவிடுகிறவர்கள் உண்டு. கதை அங்கே முடியவில்லை. அதே ஊர், அதே விதி, 2015 நவம்பர். சாலைகள் குண்டும் குழியுமாகக் கிடந்தன. மேயர் ஜான் சதர்ஸ் மறுபடி ஓட்டுக்குப் போனார். இந்தத் தடவை பொதுவாக ‘வரி வேண்டும்’ என்று கேட்கவில்லை. விற்பனை வரியில் 0.62 சதவீதம் கூடுதல், ஐந்து வருஷத்துக்கு மட்டும், சாலைக்கு மட்டும் என்று கேட்டார். ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குப் பேர் சரி என்றார்கள். 2019இல், கெடு முடியும் முன்பே, 0.57 சதவீதமாகக் குறைத்து மறுபடி கேட்டார்கள். மறுபடி சரி. 2009இல் வேண்டாம் என்ற அதே ஊர்தான் இது. எதற்கு, எவ்வளவு, எத்தனை நாளைக்கு என்று கேட்ட விதம் மாறியது, பதிலும் மாறியது.

சுவிட்சர்லாந்தில் பாசல் என்ற நகரத்தின் கதை இன்னும் வேடிக்கை. 1967இல் பிக்காசோவின் இரண்டு ஓவியங்கள் ஊரை விட்டு விற்பனைக்குப் போகும் நிலை. அவற்றை ஊருக்கே வாங்கிவைக்க மாநில அரசு ஆறு மில்லியன் பிராங்க் ஒதுக்கியது. அங்கே பெரிய செலவுகளை எதிர்த்துக் கையெழுத்து வாங்கினால் அது ஓட்டுக்குப் போயாக வேண்டும். போனது. ஓவியத்துக்கு ஆறு மில்லியனா என்று சண்டை. விலையில் அரசு கொடுப்பது போக மிச்சத் தொகைக்கு இளைஞர்கள் தெருத்தெருவாக உண்டியல் குலுக்கினார்கள். டிசம்பரில் ஓட்டெடுத்தபோது வாங்கு என்று சொன்னவர்கள் 32,000 பேருக்கு மேல், வேண்டாம் என்றவர்கள் 27,000 பேருக்கு மேல். கேள்விப்பட்ட பிக்காசோ, இன்னும் நான்கு படைப்புகளைச் சும்மாவே கொடுத்தார். ஜனங்களுக்குப் பணம் கொடுக்க மனசு வராது என்று இனி யாராவது சொன்னால், பாசலைச் சொல்லுங்கள்.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு, அதை மறைத்தால் நான் வக்கீலாகிவிடுவேன். கலிபோர்னியாவில் 1978 ஜூன் 6 அன்று ஓட்டெடுத்து, சொத்து வரியை மதிப்பில் ஒரு சதவீதத்துக்குள் கட்டிப்போட்டார்கள். மதிப்பும் வருஷத்துக்கு இரண்டு சதவீதத்துக்கு மேல் ஏறக்கூடாது, வீடு கைமாறினால் மட்டும் புது மதிப்பு. அடுத்த ஆண்டு, செலவுக்கே உச்சவரம்பு. மக்கள்தொகையும் விலைவாசியும் ஏறும் அளவுக்கே ஒரு நகரத்தின் செலவும் ஏறலாம், தாண்ட வேண்டுமானால் வாக்காளர் அனுமதி, அதுவும் நான்கு வருஷத்துக்குத்தான். நகரங்கள் தங்கள் பணத்துக்கு மாநிலத் தலைநகரத்தின் கையைப் பார்க்க ஆரம்பித்தன. பக்கத்துப் பக்கத்து வீடு, ஒரே அளவு. பழைய குடிக்கு ஒரு வரி, புதிதாக வாங்கியவருக்குப் பல மடங்கு. இங்கிலாந்தில் 2011இல் சட்டம் வந்தது. வரம்புக்கு மேல் உள்ளூர் வரியை ஏற்றினால் வாக்கெடுப்பு. 2015 மே மாதம் பெட்ஃபோர்டுஷயரில் போலீசுக்காக அப்படி ஒரே ஒரு வாக்கெடுப்பு நடந்தது. பத்தில் ஏழு பேர் வேண்டாம் என்றார்கள்.

ஆகவே உச்சவரம்பு என்ற கருவி மட்டும் நமக்கு உதவாது. பணக்கார ஊரில் உச்சவரம்பு கொழுப்பைக் குறைக்கும். ஏழை ஊரில் எலும்பைக் குறைக்கும். நமக்கு வேண்டியது அந்தச் சட்டத்தின் இரண்டாம் பாதி, அதாவது கேட்பது.

கேட்டால் நம் ஜனம் கொடுக்குமா? வெளிநாட்டுக்குப் போகவே வேண்டாம். ஆலந்தூருக்குப் போவோம். 1996இல் ஆலந்தூர் தனி நகராட்சி. ஒன்றரை லட்சத்துக்கு நெருக்கமான ஜனம். பாதாளச் சாக்கடை கிடையாது. வீட்டுக்கு வீடு செப்டிக் டேங்க், கொசு, கழிவுநீர் லாரி. திட்டத்துக்கு ஆகும் செலவு ஏறக்குறைய 34 கோடி ரூபாய். நகராட்சியின் சக்திக்கு அது மலை. அப்போது தலைவராக இருந்த ஆர்.எஸ். பாரதியும் நகராட்சியும் என்ன செய்தார்கள்? வீடு வீடாகக் கணக்கெடுத்தார்கள். சாக்கடை வேண்டுமா, அதற்குப் பணம் கொடுப்பீர்களா என்று கேட்டார்கள். மிகப் பெரும்பாலோர் வேண்டும் என்றார்கள். வீட்டுக்கு 5,000 ரூபாய், கடை கண்ணிக்கு 10,000 ரூபாய் முன்பணம் என்று முடிவானது. குழாய் புதைப்பதற்கு முன்பே ஜனங்கள் கோடிக்கணக்கில் பணம் கட்டினார்கள். அதைக் காட்டித்தான் மிச்சத்துக்குக் கடன் வாங்க முடிந்தது. சாக்கடை வந்தது. இன்றைக்கும் நகரவியல் வகுப்புகளில் பாடம் நடத்துகிறார்கள்.

ஆலந்தூரில் வாக்குப்பெட்டி இல்லை. பணம் கட்டிய ரசீதுதான் வாக்குச்சீட்டு. அதில் எனக்கு ஒரு சங்கடம் உண்டு, மறைக்க மாட்டேன். 5,000 ரூபாய் இருந்தவருக்கு ஓட்டு இருந்தது. தினக்கூலிக்குப் போகிறவர்கள், கடலுக்குப் போகிறவர்கள், வாடகைக்கு இருக்கிறவர்கள் நிறைந்த நம் பேட்டைக்கு அந்த முறையை அப்படியே கொண்டுவந்தால், பர்ஸ் வைத்திருப்பவரைத்தான் கேட்டதாகும். ஓட்டு தலைக்கு ஒன்று என்று இருக்க வேண்டும். ஆலந்தூரிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது ரசீதை இல்லை, முதலில் கேட்டார்களே, அந்தப் பழக்கத்தை.

2011இல் ஆலந்தூரும் நம் பேட்டை இருக்கும் திருவொற்றியூரும் ஒன்றாகச் சென்னை மாநகராட்சிக்குள் போய்ச் சேர்ந்தன. கத்திவாக்கம், மணலி, மாதவரம், அம்பத்தூர் என்று ஒன்பது நகராட்சிகள். மாநகரம் 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆனது. வார்டு இருநூறு. பெரிய வீட்டுக்கு மருமகளாகப் போனால் நகை கிடைக்கும், ஆனால் சமையலறைச் சாவி மாமியாரிடம் போய்விடும். முன்பு தேரடிப் பக்கம் நகராட்சி ஆபீஸுக்கு நடந்தே போய்ச் சேர்மனைக் கேட்கலாம். இப்போது 5,000 கோடி ரூபாயைத் தாண்டும் ஒரு பட்ஜெட்டில் நம் தெரு எந்தப் பக்கத்தில் எந்த வரி என்று தேட வேண்டியிருக்கிறது.

இதோ ஒரு சமீபத்திய விஷயம். கொசஸ்தலையாற்று வடிநிலத்தில் மழைநீர் வடிகால் திட்டம் நடக்கிறது. திருவொற்றியூர், மணலி, மாதவரம், அம்பத்தூர், எல்லாம் நம் பக்கம். 3,220 கோடி ரூபாய்த் திட்டம், ஆசிய வளர்ச்சி வங்கியின் கடனோடு. இதற்காக 2025 மே மாதம் மாநகராட்சி 200 கோடி ரூபாய்க்குக் கடன் பத்திரம் வெளியிட்டது. பத்து வருஷப் பத்திரம், வட்டி 7.97 சதவீதம். தேசிய பங்குச் சந்தையில் பட்டியலிட்டார்கள். கேட்டதைவிட இரண்டு மடங்குக்கு மேல் பணம் வந்து குவிந்தது. நல்ல செய்தி. நம் மாநகராட்சியை நம்பிக் கடன் கொடுக்க ஆள் இருக்கிறது.

அமெரிக்க நகரங்கள் பலவற்றில் வரிப்பணத்தை ஈடாக வைத்து இப்படிப் பத்திரம் போட வேண்டுமானால் அந்த ஊர் வாக்காளர் சம்மதிக்க வேண்டும். கலிபோர்னியாவில் மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வேண்டும். இங்கே என்ன நடந்தது? மும்பைச் சந்தையில் பணம் வைத்திருப்பவரைக் கேட்டார்கள்: “உங்களுக்குச் சம்மதமா, எவ்வளவு வட்டி?” வடிகால் ஓடப்போகும் தெருவில் இருப்பவரைக் கேட்கவில்லை. கடன் கொடுப்பவரிடம் சம்மதம் வாங்கினோம், கடனைக் கட்டப்போகிறவரிடம் வாங்கவில்லை. கேட்டிருந்தால் நாம் வேண்டாம் என்றிருப்போமா? முழங்கால் தண்ணீரில் நின்றவன் வடிகாலை வேண்டாம் என்பானா? “போடுங்கப்பா, ஆனா எங்க தெருவுல தண்ணி எந்தப் பக்கம் ஓடும்னு எங்களைக் கேட்டுட்டுப் போடுங்க” என்றிருப்போம். அந்த ஒரு வாக்கியத்துக்கு எந்த இன்ஜினீயர் படிப்பாலும் விலை போட முடியாது.

வட சென்னை வளர்ச்சித் திட்டத்தையும் பாருங்கள். 2023 மாநில பட்ஜெட்டில் 1,000 கோடி என்றார்கள். 2024 மார்ச்சில் தொடங்கிவைக்கும்போது 4,181 கோடி. வரம்பு நமக்குச் சாதகமாகத் தாண்டப்பட்டது. வாழ்த்துகிறேன். அதற்கும் நம்மைக் கேட்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். எது முதலில், எது அப்புறம் என்பதை வேறு யாரோ முடிவு செய்தார்கள்.

கேட்பதற்கு இடமே இல்லையா? இருக்கிறது. கிராமத்துக்குக் கிராம சபை இருப்பதுபோல் நகரத்துக்குப் பகுதி சபா, வார்டு குழு. சட்டத்தில் 2010இலேயே வந்தது, விதிகள் 2022இல்தான் வந்தன. 2022 நவம்பர் 1 அன்று பம்மலில் நடந்த பகுதி சபாவில் அன்றைய முதலமைச்சரே கலந்துகொண்டார். ஆனால் பகுதியின் சார்பில் வார்டு குழுவில் உட்காருபவர் தேர்ந்தெடுக்கப்பட்டவர் இல்லை, நியமிக்கப்பட்டவர். 1688இன் ஆல்டர்மேன்கள் ஞாபகம் வருகிறதா? பகுதி சபா குறை சொல்லலாம், எது முக்கியம் என்று சொல்லலாம். ‘இந்தக் கூடுதல் செலவுக்கு நாங்கள் சம்மதிக்கவில்லை’ என்று சொன்னால் அதற்குச் சட்டத்தில் கனம் இல்லை.

என் யோசனை பெரியது ஒன்றும் இல்லை. மூன்றே விஷயங்களுக்கு ஜனங்களின் ஓட்டு வேண்டும். ஒன்று, நம் வரியிலிருந்து திருப்பிக் கட்ட வேண்டிய புதுக் கடன். இரண்டு, முதலில் சொன்ன எஸ்டிமேட்டைவிடப் பத்தில் ஒரு பங்குக்கு மேல் கூடும் வேலை. மூன்று, ஏற்கெனவே அறிவித்த அளவைத் தாண்டும் வரி உயர்வு. கடனும் வரியும் மாநகரம் முழுவதற்குமான ஓட்டு. வார்டு வார்டாகப் பிரித்தால் அடையாறு தன் பணத்தைத் தானே வைத்துக்கொள்ளும், எண்ணூர் சாம்பலை வைத்துக்கொள்ளும். தெருவேலையின் கூடுதல் செலவு அந்தந்தப் பகுதி சபாவில். பாதிக்கு மேல் ஒரு ஓட்டு இருந்தால் போதும். மூன்றில் இரண்டு பங்கு என்று வைத்தால், மூன்றில் ஒரு பங்குப் பேர் ஊரையே நிறுத்திவைப்பார்கள்.

அவசரத்துக்கு விலக்கு வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெயும் எண்ணூர்க் கழிமுகத்தில் கலந்தபோது, ஓட்டெடுத்துவிட்டு வருகிறோம் என்று சொல்ல முடியாது. செலவழிக்கட்டும். தொண்ணூறு நாளில் கணக்கை அந்த ஊர்ச் சபையில் வைக்கட்டும். குடிநீர், தூய்மைப் பணியாளர் சம்பளம், இவை ஓட்டுக்கே வரக்கூடாது. ஒருவருடைய சோற்றை இன்னொருவருடைய கைதூக்கலுக்கு விடக்கூடாது.

மூன்று மறுப்புகள் வரும், எனக்குத் தெரியும். ஜனங்களுக்குப் பட்ஜெட் புரியாது என்பார்கள். மாதச் சீட்டு நடத்தி, ஏலம் கூறி, தள்ளுபடி கணக்குப் போட்டு, ஒரு ரூபாய் பிசகாமல் பிரித்துக்கொடுக்கும் பெண்கள் இந்தக் கூட்டத்திலேயே பத்துப் பேர் இருப்பீர்கள். உங்களுக்குப் புரியாது என்று சொல்பவருக்குத்தான் பட்ஜெட் புரியவில்லை. வீடு இல்லாதவர் வரி கட்டுவதில்லை, அவர் ஏன் ஓட்டுப் போட வேண்டும் என்பார்கள். வரி ஏறினால் அடுத்த மாதம் வாடகை ஏறும். வாடகைக்காரர் ரசீது இல்லாமல் கட்டுகிறார், அவ்வளவுதான். தேர்தலுக்கே பாதிப் பேர் வருவதில்லை, இதற்கு வருவார்களா என்பார்கள். இது நியாயமான கேள்வி. எனக்குத் தெரிந்த பதில் ஒன்றுதான். ஓட்டுப் போட்டு ஆளைத்தான் மாற்ற முடியும், பள்ளத்தை மாற்ற முடியாது என்று கண்டவன் வரமாட்டான். தன் கை தூக்கினால் தன் தெருவில் ஏதோ நடக்கிறது என்று ஒருமுறை பார்த்தவன் மறுமுறை வருவான்.

இன்னொரு நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். நம் பக்கத்தில் ரோட்டைத் தேய்ப்பவர் வேறு, அதற்குக் கட்டுபவர் வேறு. துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் இரவு பகலாக ஓடுகின்றன. வரி என்று வந்தால், ரயில்வே போன்ற மத்திய அரசுச் சொத்துக்கு உள்ளாட்சி வரி போட முடியாது, அரசியலமைப்பின் 285ஆவது பிரிவு தடுக்கிறது. அறுநூறு சதுர அடி வீட்டுக்காரர் தப்ப முடியாது. ஆகவே செலவு கூடும்போது நம்மைக் கேட்பதோடு, ‘இதில் லாரிக்காரர் பங்கு எவ்வளவு?’ என்று நாமும் திருப்பிக் கேட்க ஒரு மேடை வேண்டும். ஓட்டு என்பது சரி என்றோ வேண்டாம் என்றோ சொல்வதற்கு மட்டுமில்லை, பேரம் பேசவும்தான்.

சட்டம் எப்போது மாறும் என்று தெரியாது. அதுவரை கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதில்லை. அடுத்த பகுதி சபாவுக்கு வாருங்கள். வரும்போது சொத்து வரி ரசீது இருந்தால் ரசீது, இல்லாவிட்டால் வாக்காளர் அட்டை கொண்டு வாருங்கள். கவுன்சிலரை வணங்கிவிட்டு, மரியாதையாக, மூன்று கேள்வி கேளுங்கள். எங்கள் தெரு வேலைக்கு முதலில் போட்ட எஸ்டிமேட் எவ்வளவு? இப்போது எவ்வளவு? கூடினதற்கு யாரைக் கேட்டீர்கள்? பதில் எதுவானாலும் அதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள், எழுதியதைப் படித்துக்காட்டச் சொல்லுங்கள், பிறகு கையெழுத்துப் போடுங்கள். இட்லிக் கடை அம்மாவையும் கூட்டிக்கொண்டு வருகிறேன். கேள்வி அவருடையது, கேட்பதும் அவராகவே இருக்கட்டும்.